ரெண்டு விரல் போகுதா?

நாய்க்குக் கழுத்துப்பட்டை செய்வது எப்படி என்று யாராவது செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் கிடக்கும் பழைய நாடா போதுமாம், நாலு பாசிமணி போதுமாம், ஐந்து நிமிடம் போதுமாம். செய்து காட்டுகிறவளின் நகப்பூச்சு பளபளக்கும், குட்டி கண்ணைச் சிமிட்டும், வீடியோ முடிந்துவிடும். அடுத்த மாதம் அந்தக் குட்டி எவ்வளவு வளர்ந்தது என்று எவளாவது காட்டியிருக்கிறாளா? காட்ட மாட்டாள். எங்கள் காலனியில் கடைசி வரிசையில், கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்த அக்கா இதைப் பார்த்திருந்தால் செல்போனைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டிருப்பாள்.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. காலனியில் பாதிப்பேருக்கு அவள் பெயர் தெரியவும் தெரியாது. 'ஒயர்க்கூடைக்காரம்மா' என்பார்கள். குலசைக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் அவளுக்கு. வலை பின்னுகிற குடும்பம். புருஷன் போன பிறகு பாளையங்கோட்டைக்கு வந்து, பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னி விற்றுப் பிழைத்தாள். கழுத்தில் ஜெபமாலை கிடக்கும். மடியில் பாதி முடிந்த கூடை கிடக்கும். கூடையில் சிவன்கண் முடிச்சு இருக்கும்.

"மாதா கோயிலுக்குப் போற கையால சிவன்கண்ணாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யார் கண்ணா இருந்தா என்னட்டி? கோணாம இருக்கணும், அம்புட்டுதான்" என்றாள்.

கழுத்து என்று ஒன்று இருந்து, அதைச் சுற்றி எது கிடந்தாலும் சரி, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து உள்ளே விட்டுப் பார்ப்பாள். "ரெண்டு வெரல் போவுதா? போனா சரி." நாய்க்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூட வேனுக்கு நிற்கிற பிள்ளைகளின் டையை எல்லாம் தளர்த்திவிடுவாள். என் மகளின் டையை நான் இறுக்கி அனுப்ப, அவள் தளர்த்த, நான் கீழே ஓடிப் போய் மறுபடி இறுக்க, ஒரு வருஷம் முழுக்க இதே பாடு. ஒரு சுதந்திர தினத்தன்று கொடியேற்ற வந்த எங்கள் காலனிச் செயலாளரையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவர் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மேல் பித்தானைப் போட்டுக்கொண்டேதான் தூங்குவார் என்று நினைக்கிறேன். அத்தனை பேர் பார்க்க அவர் காலருக்குள் விரலை விட்டு, "மூச்சு முட்டலையா சார் ஒமக்கு?" என்று கேட்டாளே பார்க்கலாம்! மிட்டாய்த் தட்டை வைத்திருந்த நான் சிரித்துச் சிரித்துத் தட்டைக் கவிழ்த்தேன். அன்றிலிருந்து செயலாளருக்கு அவளைக் கண்டால் ஆகாது.

இது என்ன பழக்கம் என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் வராது. ஒரேயொரு முறை, கூடையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வலைத்துண்டு கழுத்துல சுத்துன நாயக் கடக்கரையில பாத்திருக்கியா? பாக்காத" என்றாள். அதோடு சரி.

அவள் நாய்களுக்குச் செய்து வைத்த சாமான்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றுகூட அழகாக இருக்காது. தண்ணீர் வைக்க உடைந்த சிமெண்ட் பூந்தொட்டியின் அடிப்பாகம். நான் புதிதாக ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தபோது, "இது கவுந்துரும். அப்புறம் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மழைக்காலத்தில் படுக்க, பழைய கார் டயருக்குள் உரச்சாக்கைப் போட்டு, சாக்குக்குள் வைக்கோலை அடைப்பாள். வீட்டில் கிழிந்த போர்வை இருக்கிறது, தரட்டுமா என்றேன். "துணி நனைஞ்சா காயாது. அதுல படுத்தா சொறிதான் வரும். நீ படுப்பியா ஈரத்துல?" வைக்கோல் சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும். கண்டக்டரோடு வண்ணார்பேட்டை வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே கொண்டுவருவாள்.

பட்டை மட்டும் அழகாக இருக்கும். பச்சையும் மஞ்சளுமாக ஒயரில் நெல்லிக்காய் முடிச்சுப் போட்டுப் பின்னியிருப்பாள். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. குறை என்று அப்போது நினைத்தோம். பட்டையின் ஓர் இடத்தில் ஒயரைச் சேர்க்காமல் வெறும் தையல் நூலால் நாலு தையல் போட்டிருப்பாள். நாய் கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தால் நூல் அறுந்து பட்டை விழுந்துவிடும். தெருவில் எங்காவது கிடப்பதை எடுத்து வந்து மறுபடி நூல் போட்டு மாட்டுவாள். இதைக் காலனியில் கேலி செய்யாத ஆள் கிடையாது. "அத்துப்போற பட்டைக்கு நெல்லிக்காய் முடிச்சு ஒரு கேடா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"அத்துப் போகணும்ட்டி. அதுக்குத்தான் கெட்டுதது."

எங்கள் பக்கத்தில் கட்டுவதைக் கெட்டுவது என்றுதான் சொல்வோம். தாலியையும் கெட்டத்தான் செய்வார்கள். சில வீடுகளைப் பார்த்தால் சொல் சரிதான் என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் ஒரு கறுப்பு நாய் எங்கள் காலனி இரும்புக் கேட்டைத் தாண்டிக் குதித்தது. கேட்டின் மேலே ஈட்டி ஈட்டியாகக் கம்பி. பட்டை கம்பியில் மாட்டி நாய் அந்தரத்தில் தொங்கிவிட்டது. நாங்கள் 'ஐயோ' என்று கத்தி வாய் மூடுமுன் நூல் அறுந்தது. நாய் பொத்தென்று விழுந்து, உடம்பை உதறிக்கொண்டு போய்விட்டது. அக்கா தலையைத்தான் தூக்கினாள். "அத்துட்டா? நல்லது" என்றாள். இதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அவளிடம் நானும் கொஞ்ச நாள் கூடை பின்னப் பழகினேன். நான் இடக்கைக்காரி. நான் போடுகிற முடிச்செல்லாம் எதிர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கும். "சனியனே, ஊரே ஒரு பக்கம் போனா நீ ஒரு பக்கம் போற" என்று திட்டித் திட்டி அவிழ்ப்பாள். அரைக்கூடையோடு எனக்குக் கோபம் வந்து நிறுத்திவிட்டேன். அந்த அரைக்கூடை அவள் வீட்டு ஆணியில் ரொம்ப நாள் தொங்கியது.

இனி செவலை விஷயத்துக்கு வருகிறேன். செவலை ஒரு தெருக்குட்டி. கேட்டுப் பக்கத்தில் பிறந்து, காவலாளியின் நாற்காலிக்கு அடியில் வளர்ந்தது. நான் அதற்குத் தினமும் காலையில் என் மாடி பால்கனியில் நின்று ரொட்டி எறிவேன். அது தாவிப் பிடிக்கும். காலனி வாட்ஸப் குழுவில் என்னை 'நாய்ப் பிரியை' என்பார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. ஒரு நாளும் கீழே இறங்கி அதைத் தொட்டது கிடையாது.

அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன் என்று முடிவானது. ஐந்து மாதம் தம்பி வீட்டில் இருந்துவிட்டு வருவதாக ஊருக்குக் கிளம்பினாள். போகும்போது என்னைக் கூப்பிட்டுத்தான் சொன்னாள். காலனியில் இத்தனை பேர் இருக்க என்னைத்தான் கூப்பிட்டாள்.

"ஏட்டி, செவலை வளருத குட்டி. பதினஞ்சு நாளைக்கு ஒருக்க ரெண்டு வெரல் விட்டுப் பாரு. மேல நின்னு ரொட்டி எறியாத. கீழ எறங்கி வந்து தொட்டுப் பாரு. கண்ணால பாத்தாத் தெரியாது."

"சரிக்கா, நீங்க பைய போயிட்டு வாங்க" என்றேன். சரி என்று சொல்வதற்கு என்ன செலவு?

அடுத்த வாரமே நாய் வண்டி வருகிறது என்று பேச்சு கிளம்பியது. கருத்தடை செய்துவிட்டு அதே தெருவில் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வண்டிதான். ஆனால் எங்கள் வாட்ஸப் குழுவில் அது எமனின் வண்டியாகிவிட்டது. கழுத்தில் பட்டை இருந்தால் வீட்டு நாய் என்று விட்டுவிடுவார்களாம். உடனே ஆளாளுக்குக் கயிறும் ரிப்பனுமாக இறங்கினார்கள். செவலைக்கு அக்கா போட்டுவிட்டுப் போன ஒயர்ப் பட்டை அந்த வாரம் இரண்டு தடவை அறுந்து விழுந்தது. முதல் தடவை காவலாளி நூல் போட்டு மாட்டினார். இரண்டாவது தடவை எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என்ன வேலை இது, நாலு நாள் தாங்காத வேலை!

செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். என் மகளின் பள்ளிக்கூட அடையாள அட்டை நாடா ஒன்று பழையது கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டு, பாசிமணி கோத்து, முடிச்சுக்கு மேல் முடிச்சாக மூன்று போட்டு, நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி ஒட்டினேன். யானை இழுத்தாலும் அவிழாது. காவலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், ரொட்டியைக் காட்டிக் கூப்பிட்டுக் கட்டிவிட்டேன். வாழ்க்கையில் அந்த நாயை முதன்முதலாகத் தொட்டது அப்போதுதான். படம் எடுத்துக் குழுவில் போட்டேன். நாற்பது வீட்டுக்காரர்களும் கைதட்டினார்கள். செயலாளர், 'இதுவல்லவோ தரமான வேலை' என்று எழுதினார்.

பிறகு மகளுக்குப் பரீட்சை வந்தது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது என்று சாக்குச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். மறந்துபோனேன், அவ்வளவுதான். காலையில் ரொட்டி எறிவதை மட்டும் மறக்கவில்லை. போகப் போகச் செவலை தாவிப் பிடிப்பதை நிறுத்தியது. கீழே விழுந்ததைப் பைய எடுத்துத் தின்றது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னை நிமிர்ந்து பார்க்கும். 'என்ன அழகாகத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது பாருங்கள்' என்று அதையும் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். நான்தான் போட்டேன்.

ஐந்தாவது மாதக் கடைசியில் கேட்டில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கினாள். செவலை ஓடாமல் நடந்து போய் அவள் சேலையில் முகத்தை வைத்தது. அவள் குனிய முடியாமல் குனிந்து கழுத்தில் கையை வைத்தாள்.

விரல் போகவில்லை.

"ஐயோ மாதாவே!" என்று அவள் போட்ட கூச்சலில் நாற்பது வீட்டுக் கதவும் திறந்தது. நானும் இறங்கி ஓடினேன். மேலே பாசிமணி தெரிந்தது. கழுத்துக்கு அடிப்பக்கம் நாடாவே தெரியவில்லை. சதை அதை மூடியிருந்தது. கிட்டே போனபோதுதான் நாற்றம் அடித்தது. நான் துப்பட்டாவால் மூக்கை மூடினேன். காவலாளி செவலையை மடியில் கிடத்திப் பிடித்துக்கொண்டார். அக்கா ஒயர் வெட்டுகிற கத்தரியை எடுத்து முடிச்சுக்குப் பக்கத்தில் நறுக்கி, நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினாள். புழு உதிர்ந்தது. செவலை கத்தக்கூட இல்லை.

நாடா கையில் வந்ததும் அக்கா எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

"யாரு கெட்டுனது?"

நாடாவை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"இத யாரு கெட்டுனதுன்னு கேக்கம்லா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

நின்ற அத்தனை பேரும் என் படத்தைப் பார்த்தவர்கள். கைதட்டியவர்கள். ஒருத்தர் பார்வைகூட என் பக்கம் திரும்பவில்லை. நானும் சொந்த வீட்டுக்காரி அல்லவா! அக்காவிடம் இருந்தது பித்தான் போன். காவலாளியை நாங்கள் குழுவில் சேர்த்ததில்லை. அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியாது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "வேற யாரு? இவன்தான் ராவும் பகலும் நாயோட கெடக்கான். ஏலே, நீதான கெட்டுன?"

காவலாளி ராதாபுரத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நாயின் தலை அவர் மடியில் இருந்தது. சட்டையெல்லாம் சீழ். "சத்தியமா நான் கெட்டல சார்" என்றார். அவர் மனைவி அன்று சோற்றுத் தூக்கோடு வந்து கேட்டோரம் நின்றிருந்தாள்.

"பின்ன ஆகாசத்துல இருந்தா வந்துச்சு? பிராணிய வதைச்சா ஜெயிலு தெரியுமாலே?"

தரமான வேலை என்று எழுதிய அதே வாய்! அந்த ஆளின் காலரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. உலுக்கினேனா? வாயைத் திறந்தேனா? துப்பட்டா இன்னும் என் மூக்கின் மேல்தான் இருந்தது. நாற்றத்துக்கு மூடியது, வசதியாக வாயையும் மூடிக்கொண்டது.

அக்கா நாடாவைத் திருப்பி முடிச்சைப் பார்த்தாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "அவன விடும். இது அவன் கெட்டுனது இல்ல" என்றாள்.

"எப்படிச் சொல்லுத?" என்றார் செயலாளர்.

"முடிச்சு சொல்லுது."

அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. எதிர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கிற முடிச்சை அந்தக் காலனியில் யார் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை தடவை திட்டித் திட்டி அவிழ்த்தவள்!

அதே ஆட்டோவில் செவலையைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாராம் டாக்டர்.

மறுநாள் காலை, முட்டியை இன்னும் முழுசாக மடக்க முடியாத அந்தப் பொம்பளை, கம்பை ஊன்றி என் மாடிப்படியில் ஏறி வந்தாள். கேட்கப் போகிறாள், கேட்டதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"ஒன் மவ பழைய சாக்ஸு ரெண்டு எடுத்துக்கிட்டுக் கீழ வா" என்றாள்.

செவலை பின்னங்காலால் புண்ணைச் சொறியாமல் இருக்கக் கால் இரண்டுக்கும் சாக்ஸ். கழுத்துக்குப் பழைய பனியனின் கையை வெட்டி, தலை வழியாக மாட்டிய உறை. எதையும் கட்டவில்லை. சாக்ஸ் நழுவினால் மறுபடி மாட்டுவாளே தவிர, மேலே ஒரு நூல்கூடச் சுற்றவில்லை. மருந்தை என் கையில் கொடுத்தாள். "நான் புடிச்சுக்கிடுதேன். நீ போடு."

"நானா?"

"என்னால குனிய முடியாது. போடு."

தினம் இரண்டு வேளை, ஒன்றரை மாதம். முதல் நாள் வாந்தி எடுத்தேன். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ம், போடு" என்றாள். "அக்கா, அந்தப் பட்டை..." என்று நான் ஆரம்பித்தால், "பேசாத, ஈ வருது" என்பாள். மூன்று முறை ஆரம்பித்தேன், மூன்று முறையும் ஈ வந்தது. கடித்துக் குதறியிருக்க வேண்டிய நாய் என் புறங்கையை நக்கியது. அவளைக் கண்டாலே எனக்கு ஆத்திரமாக வரும். நாலு வார்த்தை நாறத் திட்டியிருந்தால் நானும் ஓவென்று அழுதுவிட்டு அன்றே எழுந்து போயிருப்பேன். அதற்கு அவள் இடமே கொடுக்கவில்லை.

போன வருஷம் தம்பி வந்து அவளை ஊருக்கே கூட்டிப் போனார். சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் அரைக்கூடையை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தாள். நான் அங்கேயே உடைந்துவிட்டேன்.

"அக்கா, நான்தான்க்கா அன்னைக்கு..."

அவள் ரெண்டு விரலை என் சங்கிலிக்குள் விட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான போவுது. அப்புறம் என்ன மூச்சு முட்டுதவ கணக்கா நிக்க?" பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரிஞ்சத எங்கிட்ட எதுக்கு வந்து சொல்லுத? தெரியாதவன்ட்டப் போய்ச் சொல்லு" என்றாள். கேட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

கேட்டு வழியாகத்தான் தினமும் போகிறேன், வருகிறேன். நாளைக்குச் சொல்லலாம், தீபாவளிக்குத் துணி கொடுக்கும்போது சொல்லலாம் என்று எட்டு மாதம் ஓட்டினேன். என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

போன வாரம், அக்கா இருந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கேட்டில் நின்று செவலையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். செவலையின் கழுத்தில் நாடா இருந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. கறுப்பாக ஒரு வளையம். தள்ளி நின்று பார்த்தால் பட்டை போட்டது மாதிரியே இருக்கும். அந்தப் பெண் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நானும் ஒண்ணு செய்யலாம்னு வீடியோ பாத்துட்டு இருக்கேன்க்கா. இதுக்கு முந்தியே பட்டை போட்டிருக்கே, நல்லாருக்கு. யாரு கட்டுனது?"

நாற்காலியிலிருந்து காவலாளி பதறி எழுந்தார். அவரை யாரும் கேட்கவே இல்லை. "நான் கெட்டலம்மா" என்றார்.

"நான்தான் கெட்டுனேன்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. காவலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்களா?"

"ஆமாண்ணே. நான்தான். அன்னைக்குச் சொல்லாம நின்னுட்டேன்."

அவர் குனிந்து செவலையின் கழுத்தைத் தடவினார். நிமிரவில்லை.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா யம்மா" என்றார். "எம் பொண்டாட்டியே இன்னும் என்னை நம்பல."